இரண்டு விரல் வெள்ளை

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள லேஅவுட் மாஸ்டருக்கு,

நான் நலம். நீங்களும் நம் வாலும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை பஸ் கண்டக்டர் வந்து சொன்னார். உங்கள் அக்கா வீட்டில் இறங்கிய கையோடு வாலு பூந்தொட்டியை உடைத்துவிட்டாளாமே? உங்கள் பெண்தான், சந்தேகமே இல்லை.

கோபமாகத்தான் கிளம்பினீர்கள். "பேப்பரா நாங்களா, முடிவு பண்ணிக்கோ" என்று மாடிப்படியில் நின்று சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் வராது போலிருக்கிறது. செய்தியைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வருவது அதுதான்.

பாலம் கட்டும் அந்த கான்ட்ராக்டரின் மேனேஜர் "பாப்பாவுக்கு இருமல் தேவலையாம்மா?" என்று வாசல்வரை வந்து சிரித்தாரே, அந்தச் சிரிப்பு கனவில்கூட வருகிறது. இருமலைப் பற்றி நான் பேசியது உங்களிடம் மட்டும், அதுவும் போனில். ஆகவே இனிமேல் போனில் "சாப்டாச்சா" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். மற்றதெல்லாம் தாளில், கண்டக்டர் கையில். உங்கள் பதிலை அவர் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் தையல்கடை அக்காவிடம் கொடுத்தால் போதும், என்னிடம் வந்துவிடும்.

கட்டிக்கொண்டிருந்த பாலத்தில் ஒரு பக்கம் சரிந்ததே, "உயிர்ச்சேதம் இல்லை" என்று அறிவிப்பு வந்தது. எல்லாப் பேப்பரும் அதை அப்படியே போட்டது. நாமும்தான் போட்டோம். முந்தாநாள் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை. "உயிர்ச்சேதம் இல்லைன்னா, நான் ஏத்திட்டுப் போனது என்னம்மா, சிமெண்டு மூட்டையா?" என்றார்.

ஆசிரியரைத்தான் தெரியுமே. "ஒருத்தர் சொன்னா பேச்சு, ரெண்டு பேர் சொன்னாத்தான் செய்தி. ரெண்டாவது சாட்சியைக் கொண்டா, முதல் பக்கம் உனக்கு" என்றார். தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. உங்களுக்கு அப்புறம் பக்கம் அமைக்க வந்த லேஅவுட் ஆளும் வேலையை விட்டுவிட்டான். பயந்துவிட்டான், வேறென்ன. இந்த ஒரு பக்கத்தை மட்டும் நீங்கள் செய்து தர முடியுமா என்று ஆசிரியர் கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவர்தான் கேட்கிறார்.

எதிர்ச் சுவரோரம் ஒருவன் பைக்கில் உட்கார்ந்திருக்கிறான். என்ஜினை அணைப்பதே இல்லை. பெட்ரோல் விற்கிற விலையில் இது யார் செலவோ! இப்படி எனக்கு நானே சிரித்துக்கொண்டு, தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு நாற்காலியையும் முட்டுக் கொடுத்து வைக்கிறேன். பயமாக இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்வேன்?

வாலுக்கு முத்தம். அண்ணிக்கு வணக்கம், பூந்தொட்டிக்கு மன்னிப்பு.

உங்கள் நிருபர்

*

மார்ச் 6, வெள்ளி

அன்புள்ள நிருபரம்மாவுக்கு,

இரண்டு பக்கம் ஊர்வம்பு எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் பயமாக இருக்கிறது என்று ஒரு வரி. நான் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். முக்கியமான செய்தியை முதலில் எழுத வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துவாயே, உன் விஷயத்தில் மட்டும் தலைகீழா?

எனக்கு இங்கே நோட்டீஸ் அடிக்கும் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. பல் டாக்டர், டியூஷன் சென்டர், வீட்டு மனை. முதலாளி என் தோள்மேல் எட்டிப் பார்த்து, "சார், நல்லா நெருக்கமா போடுங்க. காசு குடுக்கறவன் வெறும் காகிதம் பாக்கவா வரான்?" என்கிறார். எனக்கு அதில் ஒன்றும் கஷ்டமில்லை. பக்கத்தில் வெள்ளை விட்டால் நம் ஆசிரியர் என்ன சொல்வார்? "வெள்ளை விட்டா வாசகன் என்னமோ எடுத்துட்டாங்கன்னு நினைப்பான்." அப்படிப் பழகின கை. சும்மா கிடக்கிற இடத்தைக் கண்டாலே அரிக்கிறது.

நான் சொல்வதைக் கொஞ்சம் கேள். நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பேப்பர்காரர் என்றால் டீக்கடையில் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொல்வார்கள். ரோட்டில் குழி என்றாலும் நம்மிடம்தான் வருவார்கள், புருஷன் அடித்தான் என்றாலும் நம்மிடம்தான். போன வாரம் பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் பேப்பரில் இருந்தேன் என்று சொன்னேன். "எந்தக் கட்சிக்கு எழுதுவீங்க?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். இப்போது செய்தி போனில் வந்து விழுகிறது. யார் பார்த்தது, யார் எழுதியது என்று கேட்பாரில்லை. இவர்களுக்காகவா நீ நாற்காலி முட்டுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்?

"அம்மாவுக்கு இன்னும் செய்தி கிடைக்கலையாப்பா?" என்று வாலு தினமும் கேட்கிறாள். கிடைத்தால் வந்துவிடுவாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் அப்படியே சொல்லி வைத்திருக்கிறேன்.

பக்கத்தைச் செய்து தருகிறேன். ஒரே நிபந்தனை. பேப்பர் வந்த மறுநாள் நீ பஸ் ஏற வேண்டும். அப்புறம் சாக்குப்போக்கு சொல்லக் கூடாது.

அக்கா உனக்குப் பழைய கம்பளிப் போர்வை கொடுத்தனுப்பியிருக்கிறாள். மூட்டைப்பூச்சி இல்லை என்று சத்தியம் செய்கிறாள்.

உன் மாஸ்டர்

*

மார்ச் 11, புதன்

அன்புள்ள மாஸ்டருக்கு,

இரண்டாவது சாட்சி கிடைத்துவிட்டது. பாலத்தில் கம்பி கட்டியவரின் மனைவி. சரிந்த அன்று கட்டிக்கொண்டிருந்த புடவையோடு இன்னும் பாலத்தோரத் தகரக் கொட்டகையில்தான் இருக்கிறாள். "உன் புருஷன் சம்பளத்தை வாங்கிட்டு ஓடிட்டான்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். "செருப்பை விட்டுட்டு எங்கம்மா ஓடுவாரு?" என்று அவள் என்னைக் கேட்டாள். டிரைவர் சொன்ன அடையாளமும் அவள் சொன்ன அடையாளமும் ஒன்றாக இருக்கிறது. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் "போடு" என்றார்.

இதோடு வரும் பென் டிரைவில் எல்லாம் இருக்கிறது. படத்தை மட்டும் ஜாக்கிரதையாகப் பாருங்கள். டிரைவர் தன் வண்டிக்குள்ளிருந்தே எடுத்தது. இடிபாடு நன்றாக விழுந்திருக்கிறது. ஆனால் இடப்பக்க ஓரத்தில் வண்டியின் உள்கண்ணாடியும், அதில் தொங்கும் பச்சைக் கிளி பொம்மையும் தெரிகின்றன. அந்தக் கிளியை இந்த ஊரில் அறியாதவர் இல்லை. பிரசவத்துக்குப் போன பெண்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் போயிருக்கிறார்கள். இடப்பக்கத்தை வெட்டிவிடுங்கள். மறக்காதீர்கள்.

நம் பேப்பர் வக்கீல் செய்தியின் கடைசிப் பத்தியைப் போடலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்றால் ஆசிரியர் கண்டக்டரிடம் சொல்லியனுப்புவார்.

ஊர் ஒரு மாதிரியாக இருக்கிறது. என் படத்தைப் போட்டு, "ஊருக்குப் பாலம் வரக் கூடாது என்று காசு வாங்கிய பெண்" என்று போனில் ஒரு செய்தி சுற்றுகிறது. எந்தப் படம் தெரியுமா? வாலின் பள்ளி விழாவில் நீங்கள் எடுத்தது. அவளை வெட்டிவிட்டு என்னை மட்டும் வைத்திருக்கிறார்கள். என் தோளில் அவள் கை மட்டும் இருக்கிறது. பால்காரர் பாக்கெட்டைக் கேட்டிலேயே போட்டுவிட்டு ஓடுகிறார். கீழ்வீட்டு மாமி, நம்மோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவள், "எதுக்கும்மா வம்பு, பாலம் வந்தா எல்லாருக்கும் நல்லதுதானே" என்கிறாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, என்னைப் பார்த்தே பயப்படுகிறாள். பைக்கில் உட்கார்ந்திருப்பவனைக்கூடத் தாங்கிக்கொள்வேன். மாமியின் முகத்தைத்தான் தாங்க முடியவில்லை.

"இவர்களுக்காகவா" என்று கேட்டிருந்தீர்கள். கம்பி கட்டியவரின் மனைவி போலீஸிடம் போயிருக்கிறாள், கான்ட்ராக்டரிடம் போயிருக்கிறாள், கடைசியாக நம் பேப்பரின் பழைய பிரதி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அதிலிருந்த விலாசத்தை வழியெல்லாம் கேட்டுக் கேட்டு என்னிடம் வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் என்ன சொல்லித் திருப்பி அனுப்புவேன், சொல்லுங்கள்?

போர்வையில் மூட்டைப்பூச்சி இல்லை. அண்ணியின் சத்தியம் பலித்தது.

உங்கள் நிருபர்

*

மார்ச் 14, சனி

அன்புள்ள நிருபரம்மாவுக்கு,

பக்கம் தயார். கடை சாத்திய பிறகு முதலாளியிடம் சாவி வாங்கி உட்கார்ந்து செய்தேன். எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு பக்கம் செய்து! தலைப்பை அகலமாகப் போட்டு, உன் எழுத்தை ஒரு வரி குறையாமல் இறக்கினேன். படித்துக்கொண்டே வந்தவன் அந்தச் செருப்பு வரியில் மவுஸை விட்டுவிட்டேன். திட்டிக்கொண்டேதான் செய்கிறேன், ஆனாலும் சொல்கிறேன்: என் பெண்டாட்டி எழுதினாள் என்று யாரிடமாவது சொல்லிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இங்கே யாரிடம் சொல்வது? பல் டாக்டரிடமா?

படத்தில் நீ சொன்னபடி இடப்பக்கத்தை முதல் வேலையாக மறைத்துவிட்டேன். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது கண்டக்டர் வந்து, கடைசிப் பத்தி வேண்டாம் என்று ஆசிரியர் சொன்னதாகச் சொன்னார். எடுத்தேன். அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை விழுந்துவிட்டது. கண்டக்டரோ வாசலில் நின்று ஹாரன் அடிக்காத குறைதான். எழுத்தையெல்லாம் கொஞ்சம் கீழே தள்ளி, படத்தின் சட்டத்தைப் பிடித்து நாலு பக்கமும் இழுத்து நிரப்பிவிட்டேன். இப்போது பக்கம் கும்மென்று இருக்கிறது, ஓரிடத்தில்கூடப் பொத்தல் இல்லை. ஆசிரியர் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

வாலு உனக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள். பாலம், மேலே நீ, கீழே நான். நான் ஏன் கீழே என்று கேட்டேன். "நீதான் அம்மாவைப் பிடிக்கணும்" என்றாள்.

பேப்பர் வந்த மறுநாள். மறந்துவிடாதே.

உன் மாஸ்டர்

*

மார்ச் 18, புதன்

மாஸ்டருக்கு,

பேப்பர் திங்கட்கிழமை காலையில் வந்தது. கடைகளில் வெயில் ஏறும் முன்பே தீர்ந்துவிட்டது. ஜெராக்ஸ் எடுத்து விற்றிருக்கிறார்கள். டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் நின்று கேட்டார்கள். கீழ்வீட்டு மாமி ஒன்றும் பேசாமல் என் குடத்தைத் தானே நிரப்பி வைத்துவிட்டுப் போனாள். இதையெல்லாம் உங்களுக்குச் சந்தோஷமாக எழுத நினைத்திருந்தேன்.

டிரைவரைக் காணவில்லை.

அவருடைய ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வளாகத்தில் கதவு திறந்தபடி நிற்கிறது. சாவி வண்டியிலேயே இருக்கிறது. கண்ணாடியில் தொங்கிய கிளியை மட்டும் யாரோ அறுத்து எடுத்துப் போயிருக்கிறார்கள். நூல் தொங்குகிறது.

பேப்பரை எடுத்து, படத்தின் இடது ஓரத்தைப் பாருங்கள்.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அச்சுக்குப் போகும் முன் பக்கத்தை நானும்தான் பார்த்தேன், ஆசிரியரும் பார்த்தார். நான் எழுத்தைப் பார்த்தேன், அவர் தலைப்பைப் பார்த்தார். படத்தை யாருமே பார்க்கவில்லை.

நேற்று நான் பஸ் ஏறவில்லை. ஏன் என்று கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

*

மார்ச் 20, வெள்ளி

என் கண்ணம்மாவுக்கு,

பார்த்தேன். இடது ஓரத்தில் கிளி தொங்குகிறது.

பக்கம் செய்யும் மென்பொருளில் படத்தை நிஜமாக வெட்டுவதில்லை. மேலே ஒரு சட்டத்தை வைத்து மறைக்கிறோம், அவ்வளவுதான். மறைத்தது உள்ளேயே இருக்கும், சட்டத்தை இழுத்தால் வெளியே வந்துவிடும். கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு நானே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு விரல் வெள்ளையைப் பார்த்ததும் என் கை அதன்பாட்டுக்கு இழுத்துவிட்டது. ஓரத்தில் கருப்பாக ஏதோ வந்தது, நிழல் என்று நினைத்தேன். பச்சை தெரிந்ததா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். தெரிந்திருக்கும். நான் பார்த்தது நிரம்பிய பக்கத்தை மட்டும்தான்.

முதலாளி இன்று ஒரு திருமண மண்டபத்து நோட்டீஸ் கொடுத்தார். மவுஸைத் தொடவே முடியவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த மனிதருக்குக் குழந்தைகள் இருக்கிறார்களா? சொல்லாதே. இல்லை, சொல்லிவிடு.

நான் அங்கே வரட்டுமா? வந்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், வர எனக்குப் பயமாக இருக்கிறது. நீ அங்கே இருப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது. வாலு தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரல் வைத்துப் பார்க்கிறேன். அக்கா என்னைப் பார்த்து, "பேய் அறைஞ்சவன் மாதிரி இருக்கியேடா" என்கிறாள். பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன் மாஸ்டர்

*

மார்ச் 23, திங்கள்

அன்புள்ளவருக்கு,

திட்ட மாட்டேன். திட்டினால் உங்களுக்குப் பாரம் இறங்கிவிடும், எனக்குக் கூடிவிடும்.

ஒரு பெண் குழந்தை. நம் வாலைவிடச் சின்னவள். கிளி அவளுடையதுதான்.

தையல்கடை அக்கா பார்த்திருக்கிறாள். பேப்பர் வந்த திங்கட்கிழமை மத்தியானம் நாலு பேர் டிரைவரின் தோளில் கை போட்டு, சிநேகிதர்களைப் போலப் பேசிக்கொண்டே காரில் ஏற்றியிருக்கிறார்கள். ஏறும்போது அவர் செருப்பு ஒன்று கழன்று விழுந்ததாம். அதை அவள் எடுத்து மெஷினுக்கடியில் வைத்திருக்கிறாள். வேறு யாரும் எதையும் பார்க்கவில்லையாம். பட்டப்பகல், அவ்வளவு கூட்டம், ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

ஆகவே இரண்டாவது சாட்சி இல்லை. ஆசிரியர் நான் எழுதியதில் ஒரு வரியை அடித்தார். "காரில் ஏத்தினாங்கன்னு போட முடியாது. காணோம்னு போடலாம். அது ஊருக்கே தெரிஞ்சது" என்றார். நம் படம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது என்றும் போட வேண்டும் என்றேன். "அதுக்கும் ரெண்டு பேர் வேணும்மா. அந்தக் கிளி பக்கத்துல எப்படி வந்துச்சுன்னு சொல்ல உன்னைத் தவிர யாரு இருக்கா?" என்று கேட்டார். உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. உங்களைக் கேட்கப் போவதும் இல்லை. வாலு உங்களிடம் இருக்கிறாள். அந்தப் பத்தி இல்லாமலே போகட்டும்.

இதோடு அனுப்பும் செய்தியை ஒரே பக்கமாகச் செய்து கொடுங்கள். என் பெயரைப் போடுங்கள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? டிரைவரின் மனைவியிடம் அவர் படம் கேட்டேன். "படம் போடாதீங்கம்மா. ஒரு படம் போட்டதே போதும்" என்று சொல்லிவிட்டாள். அதனால் படம் இருக்க வேண்டிய இடத்தை வெள்ளையாக விட்டுவிடுங்கள். பெரிதாக, நடுவில், கண்ணில் அறைகிற மாதிரி. உங்கள் கை அரிக்கும். நிரப்பாதீர்கள். என்னமோ எடுத்துவிட்டார்கள் என்று வாசகர் நினைக்கட்டும். எடுத்துக்கொண்டுதானே போயிருக்கிறார்கள்.

இப்போது பைக்கில் இரண்டு பேர் வருகிறார்கள்.

படியில் நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். நீங்கள்தான். எப்போதும் நீங்களும் அவளும்தான். ஆனால் அந்தப் பெண் செருப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது கதவைச் சாத்திவிட்டு வந்தால், வந்து சேருகிறவள் நீங்கள் கட்டிக்கொண்டவளாக இருக்க மாட்டாள்.

உங்கள் நிருபர்

*

மார்ச் 28, சனி

என் நிருபருக்கு,

பக்கத்தைச் செவ்வாய்க்கிழமையே கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். நடுவில் உள்ளங்கை இரண்டையும் விரித்து வைக்கிற அளவுக்கு வெள்ளை. மேலே உன் பெயர். கை அரிக்கவில்லை.

இன்று கண்டக்டர் பேப்பரைக் கொண்டுவந்தார். கடிதம் இல்லை. தையல்கடை மூன்று நாளாகச் சாத்தியிருக்கிறதாம். நடுவில் உனக்கு நான் எழுதியனுப்பிய சீட்டையும் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். உன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆசிரியர் போனை யாரோ எடுத்தார்கள், அவர் குரல் இல்லை. "யாரு வேணும்?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். வைத்துவிட்டேன்.

பேப்பரைத் திறந்தேன். நம் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் பாலம் இருக்கிறது. முழுப் பக்க விளம்பரம். கலர். விரைவில் திறப்பு விழா, அனைவரும் வருக. பேப்பரின் பெயர் அதே பெயர், எழுத்து அதே எழுத்து. உன் பெயர் எங்கும் இல்லை. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிரப்பிவிட்டார்கள், ஒரு விரல் வெள்ளை இல்லை. வாழ்நாளெல்லாம் நான் ஆசைப்பட்ட பக்கம் இது.

ஆசிரியர் கேட்ட இரண்டாவது சாட்சி நான். கிளி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், என் கைக்குத் தெரியும். நான் செய்தனுப்பிய பக்கமும் கடைக் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது. நீ போட நினைத்த அந்தப் பத்தியை எழுதி, அடியில் என் பெயரைப் போட்டிருக்கிறேன். நம் பேப்பர் போடாவிட்டால் வேறு பேப்பர். அதுவும் இல்லை என்றால் கடையிலேயே நோட்டீஸாக அடித்து டீக்கடை டீக்கடையாகக் கொடுப்பேன். முதலாளியிடம் சொல்லவில்லை, திட்டுவார். அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அழுதாள். அப்புறம், "போடா, போய் அவளைக் கூட்டிட்டு வா. வாலை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

வாலிடம், அம்மாவுக்குச் செய்தி கிடைத்துவிட்டது, கூட்டிவரப் போகிறேன் என்றேன். "கீழ நின்னு கெட்டியா பிடிச்சுக்கோப்பா" என்றாள். சரி என்றேன்.

இந்தக் கடிதத்தைக் கண்டக்டரிடம் கொடுக்கவில்லை. என் சட்டைப்பையில்தான் இருக்கிறது, அடுத்த பஸ்ஸில் நானும் இதுவும் வருகிறோம். கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்திருப்பாய். யாரோ என்று பயந்துவிடாதே. தட்டிவிட்டு, "சாப்டாச்சா?" என்று கேட்பேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் உள்ளேயிருந்து நீ குரல் கொடு.

உன் மாஸ்டர்